திரையின் இடது ஓரம்

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் தோற்றோம். கடைசி ரவுண்டில் இடிந்த வீட்டின் இடது பக்கத்திலிருந்து ஒருவன் ஓடி வந்து என்னைச் சுட்டுவிட்டான். ஓடி வந்தான் என்று தமயந்திதான் பிறகு சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செத்துக் கிடந்தது மட்டும்தான். எந்தக் காலத்திலோ வாங்கிய இருபத்து நான்கு அங்குல மானிட்டர். அதில் எதிராளி கடுகு அளவுக்குத் தெரிவான். இதை வைத்துக்கொண்டு இதுவரை ஜெயித்ததே பெரிய காரியம்.

ஜூன் மாதம் கோவை நகர இரட்டையர் போட்டி. இரண்டு பேர் ஓர் அணி, ஒரே களத்தில் பல அணிகள். முதல் சுற்றுகளை வீட்டிலிருந்தே ஆடலாம், இறுதி ஆட்டம் மட்டும் மேடையில். போன வருஷம் எங்களுக்கு இரண்டாம் இடம். பரிசு கொடுத்த பொடியன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள் ஆன்ட்டிக்கு ஒரு கைதட்டு" என்றான். நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் கணினி விளையாட்டு ஆடினால் இவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த வருஷம் முதலிடம் வாங்க வேண்டும். வேறு எதுவும் இப்போதைக்கு எனக்கு வேண்டாம்.

தமயந்திக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான், கல்யாணமான புதிதில். என் கணினி ஹாலில், அவளுடையது உள்ளறையில். நடுவில் ஒரு சுவர், காதில் ஹெட்செட். எங்கே போக வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று நான் சொல்வேன். அவள் "ம்" என்பாள். ஆட்டத்தின் நடுவே இரண்டு குரல் கேட்டால் குழப்பம், அதனால் அவள் பேசக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருக்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று அவள் கேட்பாள், வை என்று நான் சொல்வேன். அதற்கு மேல் பேச எங்கள் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

பெரிய மானிட்டர் வாங்கியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

ஸ்கூட்டரின் இடது கண்ணாடி போய்விட்டது. அப்பார்ட்மெண்ட் கேட் தூணில் உரசிவிட்டது. தூணுக்குப் பக்கத்தில் பூந்தொட்டி வைத்து வழியைக் குறுக்கிய புண்ணியவான் யாரென்று செயலாளரிடம் கேட்டேன். தொட்டி போன வருஷமே வைத்ததுங்க என்றார். பதில் சொல்ல மட்டும் எல்லோரும் நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காந்திபுரத்துக் கடைக்குப் போனோம். ஒரு வாரமாக இருபத்தேழா, முப்பத்திரண்டா, வளைந்ததா, தட்டையா என்று வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்து போயிருந்தது. ஒருவன் படம் எத்தனை வேகமாக மாறுகிறது என்பதுதான் முக்கியம் என்கிறான். இன்னொருவன் நிறம் என்கிறான். மூன்றாமவன், உன் கிராஃபிக்ஸ் கார்டு அதை இழுக்குமா என்று முதலில் பார் என்கிறான். மூன்று பேரும் கடைசியில் ஏதாவது ஒரு கம்பெனிக்கு விளம்பரம் பண்ணிவிட்டுப் போகிறார்கள்.

கடையில் ஜெரால்டு என்று ஒருவன். எடுத்ததும், "ஏனுங்ணா, திரைக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றான். கை நீட்டிக் காட்டினேன்.

"அப்ப இருபத்தேழு போதுங்ணா. போட்டியெல்லாம் ஆடறவங்க அதுக்கு மேல போறதில்லீங்க. பெருசா இருந்தா தலைய இக்கட்டயும் அக்கட்டயும் திருப்பிட்டே இருக்கோணும்."

விலை கூடிய பொருளை வேண்டாம் என்று ஒரு கடைக்காரன் சொன்னால் அந்தப் பொருள் ஸ்டாக் இல்லை என்று அர்த்தம். நான் முப்பத்து நாலு அங்குல அகலத் திரையைக் காட்டச் சொன்னேன். வளைந்தது. ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கூடுதலாகத் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான், பக்கவாட்டில் வருகிறவன் தெரிய வேண்டும்.

அப்போது பார்த்து தமயந்தி வாயைத் திறந்தாள். "ஏனுங்க, ஒருக்கா கண்ணக் காமிச்சுட்டு வந்து வாங்கலாமுங்களா?"

கடையில் நாலு பேர் இருக்கும்போது. எனக்குச் சுருக்கென்றது. மார்கழியிலும் ஒருமுறை இதே பாட்டைப் பாடினாள். என் கண்ணுக்கு என்ன கேடு? நாள் முழுவதும் பம்பு கம்பெனியில் மில்லிமீட்டரில் படம் வரைகிறவன் நான். அடுத்த தெருப் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படிப்பேன். "உன் வேலையைப் பாரு" என்றேன், மார்கழியில் சொன்ன அதே பதில். ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டு பில் போட்டான்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு விடுமுறை. மானிட்டரைப் பொருத்தினேன். என் மேசையில் அது நிற்கவில்லை. தமயந்தியின் மேசை அகலம், அதை ஹாலுக்கு இழுத்து வந்தேன். அவளுக்கு என் சின்ன மேசையும் பழைய மானிட்டரும்.  திரையைப் போட்டதும் ஹாலே வெளிச்சமாகிவிட்டது. மலையும் ஆறும் அப்படியே எதிரில். இத்தனை நாள் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

நான்கு ஆட்டம். நான்கிலும் முதலில் செத்தவன் நான்.

திரையில் ஏதோ கோளாறு இருக்கிறது. இடது பக்கம் ஆட்கள் ஓடி வருவதில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் திடீரென்று முளைக்கிறார்கள். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. அந்த ஓரத்தில் படம் தாமதமாக வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

தமயந்தியும் சரியில்லை. எங்கே போனாலும் வந்து என் இடது பக்கம் ஒட்டிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் வருகிற எல்லோரையும் அவளே சுட்டுவிடுகிறாள். எனக்கு ஒருவனைக்கூட விட்டு வைப்பதில்லை. வலது பக்கம் போ என்று அதட்டினேன். "ம்" என்று போனாள். உடனே நான் செத்தேன். அடுத்த ஆட்டத்தில் என்னைக் கேட்காமலே மறுபடியும் இடது பக்கம் வந்து நின்றாள். கற்றுக்கொடுத்தவனிடமே போட்டி. இது எத்தனை நாளாக என்று யோசித்துப் பார்த்தேன். பொங்கலிலிருந்தே இப்படித்தான் செய்கிறாள்.

ஏப்ரல் 23, புதன்

ஆபீசில் சென்னியப்பன் சார் கூப்பிட்டு அனுப்பினார். பம்பு மூடியின் படத்தில் ஒரு போல்ட் துளைக்கு அளவு போடாமல் விட்டிருக்கிறேனாம். இடது பக்கத்துத் துளை. "இருபது வருஷம் ஆச்சு, இன்னும் நாந்தான் எண்ணிப் பாக்கோணுமாப்பா?" என்றார். நான் போட்டிருந்தேன், சாஃப்ட்வேர் சேமிக்காமல் விட்டிருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

ஏப்ரல் 26, சனி

ஜெரால்டுக்கு ஃபோன் செய்து பேனல் கோளாறு, மாற்றிக் கொடு என்றேன். வீடியோ எடுத்து அனுப்புங்ணா, கம்பெனிக்குப் போடலாம் என்றான். வீடியோ எடுத்தேன். வீடியோவில் எல்லாம் சரியாக ஓடுகிறது. கேமராவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடாது.

எனக்கா வழி தெரியாது? மானிட்டரை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தலைகீழாக மேசையில் சாய்த்து வைத்தேன். செட்டிங்கில் படத்தையும் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது படம் நேராகத் தெரியும், ஆனால் பேனலின் இடது பாதி வலது பக்கம் போய்விட்டிருக்கும். கோளாறும் கூடவே வலது பக்கம் போயாக வேண்டும். போனால் அதை அப்படியே அவன் முகத்தில் வீசலாம் என்று ஆடிப் பார்த்தேன்.

கோளாறு இடது பக்கமே இருக்கிறது.

ஆக, பேனல் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டு. தமயந்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குழம்பு தரையில் விழுந்தது. துடை என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கேபிளை மாற்றினேன். அதேதான். உள்ளறையில் உட்கார்ந்து அவளுடைய கணினியில் பழைய மானிட்டரில் ஆடினேன். அதேதான், கொஞ்சம் குறைவு. இரண்டு கணினியிலும் ஒரே கோளாறு என்றால் அது விளையாட்டைத் தயாரித்தவனின் கோளாறு. காட்டமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

மே 3, சனி

உழவர் சந்தைக்குப் போனோம். அங்கேயும் அவள் என் இடது பக்கம். நான் வெண்டைக்காய் பார்க்க நகர்ந்தால் அவளும் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வருகிறாள். கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த பிறகுதான் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிய ஆள் என்னை உரசிக்கொண்டு போனான். சத்தம் கொடுக்காமல் வருகிறார்கள்.

"எதுக்கு இப்படி ஒட்டிக்கிட்டே வர்ற? அந்தப் பக்கம் போ" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. கத்தரிக்காய்க்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நான் இந்தப் பக்கந்தானுங்க நடக்கோணும்" என்றாள்.

"ஏன்?"

 பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னாள். சனிக்கிழமைக்குக் கண் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்துவிட்டாளாம். என்னைக் கேட்காமல். முடியாது என்றேன்.

"நீங்க வரலீன்னா நான் ஜூன்ல ஆடலீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரல். நாலு வாரம் இருக்கும்போது வேறு ஆளுக்கு எங்கே போவது? கழுத்தைப் பிடிக்க நல்ல நேரம் பார்த்து வைத்திருக்கிறாள். போய்த் தொலைக்கலாம். ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பேன்.

மே 10, சனி

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன். தமயந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் மாற்றமில்லை.

பிறகு ஒரு சொட்டு விட்டு, கண்ணில் அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் இன்னொருமுறை பார்த்தாள். வேறொரு அறைக்கு அனுப்பினாள். அங்கே உள்பக்கம் வெள்ளையாக, கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு மெஷின். ஒரு கண்ணைக் கட்டிவிட்டுத் தாடையை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கிருந்த டெக்னீஷியன். "நடுவுல இருக்கற புள்ளிய மட்டும் பாருங்க சார். சுத்தி எங்காச்சும் வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் போய்ப் பட்டனா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சப் புள்ளிகள் ஒரே தாளத்தில் வருகின்றன என்று கொஞ்ச நேரத்திலேயே பிடித்துவிட்டேன். நடுவில் இடைவெளி விழும்போது அந்தத் தாளத்தை வைத்தே அழுத்தினேன். எந்த விளையாட்டிலும் இப்படித்தான், வருவதற்கு முன்பே கை போய்விட வேண்டும்.

"சார், வராத லைட்டுக்கெல்லாம் அழுத்தறீங்க" என்றாள். "ரிசல்ட் எடுக்க முடியாது. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. முதல்ல இருந்து வெக்கறேன்."

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். வலது பக்கம் வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். மேலே வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். விரல் பட்டன் மேலேயே இருந்தது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.

"மெஷின் நின்னுடுச்சாம்மா?"

"ஓடிட்டுத்தான் சார் இருக்கு."

மே 11, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 12, திங்கள்

லீவு போட்டேன்.

சனிக்கிழமை மெஷினுக்குப் பிறகு பார்த்த டாக்டர் என்னைவிடச் சின்னவள். அச்சடித்த தாளைக் காட்டினாள். இடது கண்ணின் வட்டத்தில் பெரும்பாகம் கறுப்பு. வலது கண்ணின் வட்டத்தில் இடது பக்கம் கறுப்பு. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு சாகிறதாம். வலிக்காது. நேர்ப் பார்வையைக் கடைசிவரை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். இல்லாத இடத்தை மூளையே எதையாவது போட்டு அடைத்துவிடுவதால் ஆளுக்குத் தெரியாதாம். போனது போனதுதான், தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது.

பெரிய மானிட்டரைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "சின்னதே நல்லது சார். திரை பெருசாக ஆக உங்களுக்குத் தெரியாத பாகம்தான் பெருசாகும்." கடைக்காரன் சொன்னதையே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து தமயந்தியிடம் கேட்டேன். "உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"மார்கழில சந்தேகமா இருந்துச்சுங்க. தையில தெரிஞ்சு போச்சு. இடது பக்கம் ஒருத்தன் நேரா நின்னு சுடறான், நீங்க அவனத் தாண்டி நடந்து போறீங்க. சொன்னனுங்களே. உன் வேலையப் பாருன்னுட்டீங்க."

"அதுக்கப்புறம்?"

"என் வேலையப் பாத்தனுங்க. அந்தப் பக்கம் வந்து நின்னுட்டேன்."

 என்னைச் சாக விட்டிருக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். ஆட்டத்துக்கு ஆட்டம் செத்திருந்தால் தையிலேயே டாக்டரிடம் போயிருப்பேன், நீ முட்டுக் கொடுத்துக் கொடுத்து நாலு மாசப் பார்வையைத் தின்றுவிட்டாய் என்றேன். இது நியாயமில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. அதனால் நிறுத்தவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "நீங்க தோத்தா ரெண்டு நாளைக்குச் சோறு திங்கறதில்லீங்க. அதுக்குப் பயந்துட்டு நின்னனுங்க" என்றாள். உள்ளே போய் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

மே 17, சனி

சொட்டு மருந்து எரிகிறது. தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்கிறேன், அவள் விடுகிறாள். ஒரு நாளில் அவள் முகம் எனக்கு அத்தனை அருகில் வருவது அப்போது மட்டும்தான். 

ஆபீசுக்குப் பஸ்ஸில் போகிறேன். சென்னியப்பன் சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

ஈரோட்டிலிருந்து அஃப்ரீன் என்று ஒரு பெண் ஃபோன் செய்தாள். இன்ஜினியரிங் படிக்கிறாளாம். போன வருஷப் போட்டியில் தமயந்தி ஆடியதைப் பார்த்தவள். மார்ச்சிலேயே தன்னோடு சேர்ந்து ஆடக் கூப்பிட்டிருக்கிறாள், தமயந்தி முடியாது என்றிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு இன்றுதான் தெரியும். அணியை மாற்ற இன்னும் சில நாள் அவகாசம் இருப்பதால் மறுபடியும் கேட்கிறாள்.

தமயந்தி ஃபோனைக் கையில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போய் ஆடு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், குத்தலாக. இல்லீங்க, நீங்க இல்லாம எப்படி என்பாள், நானும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுவிட்டுச் சரி என்பேன், பழைய மானிட்டரை முன்னால் வைத்துக்கொண்டு எப்படியாவது ஆடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"சரிங்க" என்றாள். ஃபோனைக் காதில் வைத்து, "வர்றேன் கண்ணு" என்றாள்.

மே 23, வெள்ளி

மானிட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று ஜெரால்டு சொல்லிவிட்டான். காரணம் கேட்டான். பெரிதாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

முதல் சுற்றுகள் இன்று. ஹாலில் பெரிய திரைக்கு முன் தமயந்தி உட்கார்ந்தாள். நான் வெளியே எங்காவது போய்விடலாம் என்றுதான் சட்டை மாற்றினேன். வெயிலில் தனியாகச் சாலையைக் கடக்க வேண்டும் என்று நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அவளுக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால்தான் எனக்குத் திரை முழுவதும் வலது பக்கம் விழும்.

அவள் பேசினாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பேசினாள். "நீ அங்கயே நில்லு கண்ணு, நான் முன்னால போறேன்." "ஜன்னல் பக்கம் பாக்காத, அவன் கதவு வழியாத்தான் வருவான்." அவன் கதவு வழியாகத்தான் வந்தான். அவள் யார் பக்கத்திலும் போய் நிற்கவில்லை. ஆற்றைக் கடந்தாள், ஒற்றை ஆளாக மூன்று பேர் இருந்த வீட்டுக்குள் நுழைந்தாள், மூன்று பேரையும் முடித்துவிட்டு வெளியே வந்தாள். எனக்குப் பின்னால் வருகிறவள் என்றுதான் அவளை நான் நினைத்திருந்தேன். இவ்வளவு வேகமாக ஒருவர் ஆடி நான் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. என் காலத்தில் நான்கூட இப்படி ஆடியதில்லை. வயிறு எரிந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை, அந்த வீட்டில் அப்போது யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

எல்லாச் சுற்றும் ஜெயித்து மேடைக்குத் தகுதி பெற்றார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன் காது வலிக்கிறது என்று ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். அதனால் அந்தப் பெண் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது, இருந்தாலும் சும்மா இன்னொரு கேம் போலாமாக்கா? கை நிக்க மாட்டேங்குது. இவ்ளோ ஆடறவங்க இத்தன வருஷமா என்னக்கா பண்ணிட்டு இருந்தீங்க?"

தமயந்தி என் பக்கம் திரும்பவில்லை.  தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"வூட்ல வேல இருந்துச்சு கண்ணு" என்றாள்.

அது என்ன வேலை என்று அஃப்ரீன் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.